கல்லூரி ஐஸ் ஹாக்கி ஓவர்டைம்: கோப்பை ஒருவர் கையில், பதிவேட்டில் "டை". இது என்ன கணக்கு?

#1 நீலக்கோடு

பாஸ்டனின் நான்கு கல்லூரிகள் ஆண்டுதோறும் மோதும் பீன்பாட் கோப்பையைப் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி, கூடவே ஒரு புகார்.

2023 இறுதி ஆட்டம், நார்த்ஈஸ்டர்னும் ஹார்வர்டும். 60 நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரமான ஓவர்டைமில் கோல் விழவில்லை. கோல் காக்கும் கோலியை ஒவ்வொருவராகத் தனியே எதிர்த்து அடிக்கும் ஷூட்அவுட்டில் நார்த்ஈஸ்டர்ன் ஜெயித்து, டிடி கார்டனில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் பதிவேட்டைப் பார்த்தால் அந்த ஆட்டம் டை, அதாவது சமம்.

2020 இறுதி ஆட்டம், நார்த்ஈஸ்டர்னும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும். இரண்டாவது ஓவர்டைமில் ஜோர்டன் ஹாரிஸ் அடித்து 5-4. ஷூட்அவுட் எல்லாம் கிடையாது, ஆட்டத்தின் ஓட்டத்தில் விழுந்த கோல். அதுவும் பதிவேட்டில் டைதான்! அன்றைய விதிப்படி முதல் 5 நிமிட ஓவர்டைமோடு அதிகாரபூர்வ ஆட்டம் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் கோப்பைக்காக ஆடியது என்று கணக்கு.

2024, மறுபடியும் அதே இரண்டு அணிகள். அணிக்கு மூன்று பேர் மட்டும் ஆடும் 3-க்கு-3 ஓவர்டைமில் கன்னர்உல்ஃப் ஃபான்டெய்ன் அடித்து 4-3. இது வெற்றி. ஆனால் தேசியத் தரவரிசைக்கு வரும்போது முழு வெற்றி இல்லை, மூன்றில் இரண்டு பங்கு வெற்றி.

ஒரே கோப்பை, ஒரே அரங்கம், ஜெயித்ததும் ஒரே அணி. மூன்று முறையும் கணக்கு வேறு. என் யோசனை இதுதான்: 3-க்கு-3, ஷூட்அவுட் இரண்டையும் தூக்கிவிட்டு, 10 நிமிடம் 5-க்கு-5 ஆடட்டும். கோல் விழுந்தால் வெற்றி, விழாவிட்டால் டை. என்ன சொல்கிறீர்கள்?

#2 கடைசிவரிசை

அண்ணே, நான் இந்தப் பருவத்தில்தான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். வகுப்புத் தோழர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பென்சில்வேனியாவில் இருக்கிறேன், இங்கே எல்லாரும் தொழில்முறை லீக்கான என்எச்எல் விதியோடு கலந்துகட்டிப் பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கல்லூரி ஹாக்கிக்கு மட்டும் விதி என்ன என்று யாராவது நேராகச் சொல்ல முடியுமா?

#3 ஸ்கோர்ஷீட்

கடைசிவரிசை தம்பிக்கு. நான் படிக்கும்போது கல்லூரி அரங்கில் ஆட்டத் தாள் எழுதும் பகுதிநேர வேலை பார்த்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

வழக்கமான பருவ ஆட்டம் சமமாக முடிந்தால் 5 நிமிட ஓவர்டைம். கோலியைத் தவிர ஆளுக்கு மூன்று பேர். முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. கோல் விழாவிட்டால் என்சிஏஏவைப் பொறுத்தவரை அது டை. அங்கேயே புத்தகத்தை மூடிவிடலாம்.

அதற்கு மேல் நடக்கும் ஷூட்அவுட் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) புள்ளிக்காக, அல்லது பீன்பாட் மாதிரிப் போட்டியில் யார் மேலே போவது என்று தீர்க்க. முதலில் ஆளுக்கு மூன்று பேர் அடிப்பார்கள். அதிலும் சமமென்றால் ஒவ்வொருவராகத் தொடரும். அதில் விழும் கோல் எந்த ஆட்டக்காரர் கணக்கிலும் ஏறாது. தாளில் ஸ்கோர் 2-2 என்றுதான் இருக்கும், ஷூட்அவுட் யாருக்கு என்பது தனிக் குறிப்பு.

கான்ஃபரன்ஸ் அட்டவணையில் பொதுவாக 60 நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ ஜெயித்தால் 2, தோற்றால் 1.

இந்த 3-க்கு-3 எல்லாருக்கும் பொதுவானது 2020-21 பருவத்திலிருந்து. 2020 ஜூலையில் என்சிஏஏ விதிக்குழு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் 5 நிமிடம் 5-க்கு-5, அப்புறம் டை. பிக் டென், என்சிஎச்சி மாதிரி மேற்குப் பக்கத்துக் கான்ஃபரன்ஸுகள் அப்படி டை ஆனபிறகும் தங்கள் சொந்தப் புள்ளிக்காக 3-க்கு-3, ஷூட்அவுட் என்று ஆடின. பழைய சிசிஎச்ஏ 2008-09லேயே ஷூட்அவுட்டைக் கொண்டுவந்துவிட்டது. கிழக்கே ஹாக்கி ஈஸ்ட்டும் இசிஏசியும் டையை டையாகவே வைத்திருந்தன. நீலக்கோடு பாஸ்டன்காரர், அந்தப் பாசம்தான் பேசுகிறது!

பருவ முடிவில் வரும் கான்ஃபரன்ஸ் பிளேஆஃப், என்சிஏஏ தேசியப் போட்டி இரண்டிலும் இதெல்லாம் கிடையாது. 20 நிமிடப் பீரியட், 5-க்கு-5, நடுவில் ஐஸைச் சீராக்குவார்கள், கோல் விழும் வரை விடிய விடிய ஆட்டம்.

#4 டுலூத்காற்று

விடிய விடிய என்று சும்மா சொல்லவில்லை.

2021 மார்ச் 27, ஃபார்கோ. மின்னசோட்டா டுலூத்துக்கும் நார்த் டகோட்டாவுக்கும் தேசியப் போட்டியின் ரீஜனல் (மண்டல) இறுதி. டுலூத் 2-0 முன்னிலை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நார்த் டகோட்டா இரண்டு கோலை அடித்து 2-2 ஆக்கியது. முதல் ஓவர்டைமிலேயே டுலூத் ஒரு கோல் போட்டு பெஞ்சே காலியாகி ஐஸில் குதித்தாயிற்று. வீடியோவில் பார்த்தார்கள், ஆஃப்சைடு. எல்லாரும் திரும்பப் போய் உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஓவர்டைம். எங்கள் கோலி ஜாக் ஸ்டெஸ்கலுக்குத் தசைப்பிடிப்பு, நிற்க முடியவில்லை. அவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போன ரயன் ஃபான்டியை அந்த நேரத்தில் இறக்கினார்கள். ஐந்தாவது ஓவர்டைமின் மூன்றாவது நிமிடத்தில் லூக் மைலிமோக் அடித்தார். மொத்தம் 142 நிமிடம் 13 விநாடி. என்சிஏஏ தேசியப் போட்டியில் இதைவிட நீளமான ஆட்டம் அதற்கு முன் நடந்ததில்லை.

அந்த ஆட்டத்தை 3-க்கு-3 வைத்து 5 நிமிடத்தில் முடித்திருந்தால் அதைப் பற்றி இன்று யார் பேசியிருப்பார்கள்?

#5 ஃபைட்டிங்ஹாக்

டுலூத்காற்று, ஒன்றை வசதியாக விட்டுவிட்டீர்களே. முதல் நாள் ஆட்டத்தில் உங்களோடு மோத வேண்டிய மிச்சிகன் கோவிடால் விலகிவிட்டது. நீங்கள் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்கு வந்தீர்கள். நாங்கள், நார்த் டகோட்டா, முந்தின இரவு அமெரிக்கன் இன்டர்நேஷனலோடு 60 நிமிடம் ஆடி 5-1 ஜெயித்துவிட்டு வந்தோம். ஒரு அணி ஓய்வெடுத்துவிட்டு வருகிறது, இன்னொன்று மறுநாளே இறங்குகிறது, அதன் மேல் ஐந்து ஓவர்டைம். "தூய்மையான ஹாக்கி" என்று எல்லாரும் உருகுவது இதைத்தான்.

#6 டுலூத்காற்று

@ஃபைட்டிங்ஹாக் கோவிடுக்கு நாங்கள் பொறுப்பா நண்பரே :) அதோடு ஃபார்கோ உங்கள் மாநிலம், உங்கள் ஊர் மாதிரி. எங்கள் பக்கம் ஒருவர் கத்தினால் உங்கள் பக்கம் பத்துப் பேர்.

பாவம் எங்களைச் சும்மா விடவில்லை. அடுத்து பிட்ஸ்பர்கில் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃப்ரோசன் ஃபோர் அரையிறுதி, மாசசூசெட்ஸோடு. அதுவும் ஓவர்டைம். 3-2 தோற்றோம்.

#7 பழையகணக்கு

நீளமான ஆட்டம் என்று பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். எல்லாவற்றிலும் நீளமானது தேசியப் போட்டியில் இல்லை, கான்ஃபரன்ஸ் பிளேஆஃபில் இருக்கிறது. 2015 மார்ச் 6, நாட்ர டேம் அரங்கில் ஹாக்கி ஈஸ்ட் முதல் சுற்று. மாசசூசெட்ஸ் 4-3, ஐந்தாவது ஓவர்டைம், 151:42. ஷேன் வால்ஷ் அடித்தார். முடியும்போது தேதி மாறிவிட்டது.

அதற்கு முந்தைய சாதனை 2010 மார்ச், இசிஏசி காலிறுதி. குவினிபியாக் 3-2 யூனியன், 150:22, கிரெக் ஹோல்ட். அதற்கும் முந்தையது 2006 மார்ச், யேல் 3-2 யூனியன், 141:35, டேவிட் மெக்லர். யூனியன் கல்லூரிக்காரன் யாராவது இந்த இழையில் இருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளவும். இரண்டு முறையும் ஐந்தாவது ஓவர்டைம், இரண்டு முறையும் தோல்வி, இரண்டு முறையும் சொந்த ஊர் ஸ்கெனெக்டடியில்.

ஆனால் கதையின் அடுத்த பாதியை யாரும் சொல்வதில்லை. 2010இலும் 2015இலும் அது மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டிய தொடர். அந்த மாரத்தானில் தோற்ற யூனியன், அடுத்த இரண்டையும் ஜெயித்து இசிஏசி இறுதி வரை போனது. நாட்ர டேமும் அப்படித்தான், முதல் ஆட்டத்தை அப்படி இழந்துவிட்டு அடுத்த இரண்டையும் எடுத்து மாசசூசெட்ஸை வீட்டுக்கு அனுப்பியது. சாதனை படைத்தவன் தொடரில் காலி. ஐந்து ஓவர்டைம் ஜெயித்த கால்களோடு மறுநாள் மாலை இறங்கி ஆடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் பாட்டுக்கு மாடிப்படி ஏறினாலே மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது.

#8 கடைசிவரிசை

ஸ்கோர்ஷீட் அண்ணா, நன்றி, இப்போது தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தேகம். மூன்றில் இரண்டு பங்கு வெற்றி என்று நீலக்கோடு அண்ணன் சொன்னாரே, அது எங்கே வருகிறது? கான்ஃபரன்ஸ் புள்ளி 3-2-1 வேறு, இது வேறா?

#9 எண்பித்தன்

வேறுதான். இங்கேதான் எனக்குச் சுவாரசியமே.

தேசியப் போட்டிக்கு 16 அணிகள். ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேராக உள்ளே. மிச்சம் 10 இடம் தரவரிசைக் கணக்குப்படி. பல வருடம் அது பேர்வைஸ் என்ற முறை. 2025-26 முதல் ஆண்கள் பிரிவுக்கு என்பிஐ என்ற புதிய கணக்கு. எதுவானாலும் 3-க்கு-3 வெற்றியை முழு வெற்றியாக எடுக்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. ஆரம்பத்தில் 55-45 என்று பிரித்தார்கள். அதாவது ஜெயித்தவனுக்கு 0.55 வெற்றி, தோற்றவனுக்கு 0.45. கிட்டத்தட்ட டை மாதிரியே. அப்புறம் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று ஆனது.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் 60 நிமிடம் சமமாக முடிந்த நொடியில் ஆளுக்கு 1 புள்ளி கைக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒரு புள்ளிதான் மேசையில். அதை 3-க்கு-3 இல் எடுத்தாலும் ஷூட்அவுட்டில் எடுத்தாலும் கான்ஃபரன்ஸுக்கு ஒன்றுதான். தரவரிசைக்கு அப்படி இல்லை. 3-க்கு-3 இல் தோற்றால் 0.5 இருந்த இடத்தில் 0.33. ஷூட்அவுட்டில் தோற்றால் 0.5 அப்படியே நிற்கும்.

பிப்ரவரி கடைசி. உங்கள் அணி தரவரிசையில் 14, 15 என்று விளிம்பில் தொங்குகிறது. கோலி ஒற்றைக்கு ஒற்றை நின்றால் சுவர். எதிரே என்எச்எல் அணிகள் டிராஃப்டில் தேர்ந்தெடுத்து வைத்த மூன்று பையன்கள். நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் என்ன சொல்வீர்கள்? "பக்கை (ஆடும் வட்டை) விடாதே, 5 நிமிடம் ஓட்டு, ஷூட்அவுட்டில் பார்த்துக்கொள்ளலாம்." விதியே அப்படி ஆடச் சொல்கிறது. ஆட்டத்தை வேகமாக்கத்தான் 3-க்கு-3 வந்தது என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

#10 நீலக்கோடு

எண்பித்தன் என் பக்கம்!

#11 எண்பித்தன்

இல்லை. முட்டாள்தனமான விதி என்று சொல்லவில்லை, ஓட்டை இருக்கிறது என்றேன். உங்கள் 10 நிமிட யோசனையில் இதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது: சமமாகிவிட்டால் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பழைய 5 நிமிடம் அப்படித்தான் ஓடியது, மறந்துவிட்டதா?

#12 மிச்சிகன்மாமி

பக்கை விடாமல் ஓட்டுவது பற்றி எண்பித்தன் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் பையன் இங்கே ஆன் ஆர்பரில் படிக்கிறான், அவனோடு யோஸ்ட் அரங்கில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். டிஃபென்ஸ் பையன் பக்கோடு எதிரியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டுகிறான். வழி அடைத்திருக்கிறது. சுடுவான் என்று நாம் எழுந்து நின்றால், அவன் அப்படியே ஒரு அரைவட்டம் போட்டு நடுக்கோட்டுக்கு வெளியே வருகிறான், தன் சொந்தக் கோலுக்குப் பின்னால் வரை போகிறான். அதற்குள் மற்ற இரண்டு பேரும் பெஞ்சுக்குப் போய் ஆள் மாறியாயிற்று. எதிரணி மூன்று பேரும் துரத்துவதில்லை. துரத்தி ஒருவன் ஏமாந்தால் பின்னால் இரண்டுக்கு ஒன்று என்று திறந்துவிடும், அந்தப் பயம். கூட்டம் "ஊ..." என்று கத்துகிறது. ஒரு நிமிடம் முழுக்க ஒரு ஷாட் கூட இல்லை.

ஆனால் அந்த ஒரு தவறு நடந்துவிட்டால் அப்பப்பா! இந்தப் பக்கம் கோலி தடுக்கிறான், அதே பக் அந்தப் பக்கம் போகிறது, அங்கே போஸ்ட்டில் அடிக்கிறது, மறுபடி இந்தப் பக்கம். மூச்சு விட முடியாது. எனக்கு 3-க்கு-3 வேண்டும். தூக்கச் சொல்லும் நீலக்கோடு தம்பியை அந்த அரங்கில் ஒரு இரவு உட்கார வைக்க வேண்டும்.

#13 சிறுகல்லூரி

பெரிய கல்லூரி ரசிகர்கள் எல்லாருக்கும் 3-க்கு-3 இனிக்கத்தான் செய்யும்.

எங்களைப் போன்ற அணியின் பலம் மாறி மாறி இறங்கும் நான்கு வரிசையும் ஒரே மாதிரி உழைப்பது. பெரிய பெயர் யாரும் இல்லை. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பையன்கள், ஒருவன் விட்டதை இன்னொருவன் பிடிப்பான். 60 நிமிடம் அப்படி ஆடி ஒரு பெரிய அணியைச் சமத்தில் நிறுத்துவோம். உடனே விதி வந்து சொல்கிறது: "சரி, இப்போது உங்கள் சிறந்த மூன்று பேரை மட்டும் அனுப்புங்கள், ஐஸ் முழுக்கக் காலியாக இருக்கும்." எங்களிடம் எது இல்லையோ அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு. முன்பு அந்த இரவுக்கு எங்களுக்கு அரை வெற்றி. இப்போது பல இரவுகளில் மூன்றில் ஒன்று.

பழையகணக்கு ஐயா யூனியனைப் பற்றிச் சொன்னார். அப்போது சுமார் 2,200 மாணவர்கள், விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. அந்த யூனியன் 2014இல் மின்னசோட்டாவை 7-4 வென்று தேசிய சாம்பியன் ஆனது. ஐந்து பேரோடு முழு ஆட்டம் ஆடித்தான்.

#14 ஸ்கோர்ஷீட்

@சிறுகல்லூரி உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த மூன்றில் ஒன்று இருக்கிறதே, அதை என்எச்எல்லோடு ஒப்பிடுங்கள். அங்கே 60 நிமிடத்தில் முடிந்த ஆட்டத்துக்கு மொத்தம் 2 புள்ளி, ஓவர்டைம் போனால் திடீரென்று 3 புள்ளி. ஒரு புள்ளி காற்றிலிருந்து வருகிறது. அதனால் கடைசிப் பத்து நிமிடம் இரண்டு அணியும் சமத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓவர்டைமுக்குப் போகலாம் என்று பார்க்கும். கல்லூரி கான்ஃபரன்ஸில் எப்படி முடிந்தாலும் மொத்தம் 3 புள்ளிதான். 60 நிமிடத்துக்குள் முடித்தால் முழுதும் உங்களுக்கு. இவ்வளவு சரியான கணக்கைப் போட்டு வைத்திருக்கும்போது எதற்குத் தூக்க வேண்டும்?

#15 லார்ட்ஸ்பால்கனி

நான் கிரிக்கெட்காரன், தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன். 2019 உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமமாகி, பவுண்டரி எண்ணிக்கையைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கோப்பை கொடுத்தார்களே, அது மாதிரிதானே இந்த ஷூட்அவுட்டும்? ஆட்டத்தில் இல்லாத ஒன்றை வைத்து ஆட்டத்தைத் தீர்ப்பது.

#16 எண்பித்தன்

அங்கே அந்தத் தீர்ப்பு ஏட்டிலும் ஏறியது, அதுதான் வித்தியாசம். இங்கே என்சிஏஏ ஷூட்அவுட்டைப் பார்த்து, "கோப்பை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, வெற்றி என்று எழுத மாட்டேன்" என்கிறது. எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை.

#17 ஃபைட்டிங்ஹாக்

சரி, நான் ஒரு குண்டு போடுகிறேன். தேசியப் போட்டியிலும் இரண்டு 20 நிமிட ஓவர்டைம் 5-க்கு-5. அதற்கு மேல் 3-க்கு-3, கோல் விழும் வரை. சர்வதேசக் கூட்டமைப்பான ஐஐஎச்எஃப் ஒலிம்பிக் தங்கப் பதக்க ஆட்டத்தையே 20 நிமிட 3-க்கு-3 பீரியட் வைத்து முடிக்கிறது. கோலி தசை பிடித்து வெளியே போகும் வரை ஆடுவதில் என்ன வீரம்?

#18 டுலூத்காற்று

வேண்டவே வேண்டாம். ஃபார்கோவில் தோற்றதுக்குப் பழிவாங்க விதியையே மாற்றப் பார்க்கிறீர்கள்.

#19 பழையகணக்கு

ஃபைட்டிங்ஹாக் சொல்வதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். 20 நிமிடப் பீரியட் ஆதிகாலத்திலிருந்து வந்த வேதம் ஒன்றும் இல்லை. 1984 லேக் பிளாசிட் தேசிய இறுதி, பௌலிங் கிரீன் 5-4 மின்னசோட்டா டுலூத், ஜினோ கவலினி. நான்காவது ஓவர்டைமில் முடிந்தது, மொத்த நேரம் 97:11. நீங்களே போட்டுப் பாருங்கள்: 60 போக 37:11. 20 நிமிடப் பீரியட்டாக இருந்தால் அது இரண்டாவது ஓவர்டைம்தான். நான்காவது என்றால் பீரியட் 10 நிமிடம். 1991 செயின்ட் பால் இறுதியும் அப்படியே. நார்தர்ன் மிச்சிகன் 8-7 பாஸ்டன் யுனிவர்சிட்டி, மூன்றாவது ஓவர்டைம், 81:57. 10 நிமிடம் ஆடி, ஓய்வெடுத்து, மறுபடி 10. 1997இல் விஸ்கான்சினும் கொலராடோ காலேஜும் நான்காவது ஓவர்டைமில் முடித்தபோது மொத்தம் 129:30. அங்கே 20 நிமிடம் வந்துவிட்டது தெரிகிறது. ஆகவே மாற்றியிருக்கிறார்கள், மறுபடியும் மாற்றலாம்.

எனக்கு 3-க்கு-3 வேண்டாம். அந்த 10 நிமிடப் பீரியட்டை மறுபடி கொண்டுவந்தால் கோலிகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

#20 கோல்கம்பம்

கோலியாக ஆடுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை (உள்ளூர் லீக்தான், பயப்பட வேண்டாம்). எங்களைக் கொல்வது ஆட்டம் இல்லை, இடைவேளை. வியர்வையில் ஊறிய கால் பேட் கனக்கும், உட்கார்ந்தால் இடுப்பு இறுகிவிடும், எழுந்திருக்கும்போதுதான் தசை பிடிக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார வைத்தால் எனக்குத் தொல்லைதான். 20 நிமிடமே இருக்கட்டும்.

அப்புறம் 2000 மார்ச், ஆல்பனி. செயின்ட் லாரன்ஸ் 3-2 பாஸ்டன் யுனிவர்சிட்டி, நான்காவது ஓவர்டைம், 123:53. தோற்ற பக்கம் நின்ற ரிக் டிபியெட்ரோ தடுத்தது 77. எண்பது ஷாட்டில் மூன்றுதான் உள்ளே போயிருக்கிறது. 60 நிமிடத்துக்கு இத்தனை கோல் என்ற சராசரியில் போட்டால் 1.45. எந்த அணியும் கையெடுத்துக் கும்பிடும் எண். பருவம் அந்த இரவோடு முடிந்தது. அதே வருடம் ஜூனில் என்எச்எல் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

#21 மிச்சிகன்மாமி

பெண்கள் ஆட்டத்தை ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே! 2007 மார்ச் 10, மேடிசன் கோல் சென்டர். விஸ்கான்சின் – ஹார்வர்ட், தேசியக் காலிறுதி. 60 நிமிடம் 0-0. முதல் ஓவர்டைம் 0-0, இரண்டாவது 0-0, மூன்றாவது 0-0. நான்காவதில் ஜினெல் ஸாக் அடித்து 1-0. 127:09. ஹார்வர்ட் கோலி பிரிட்டனி மார்டின் 67 தடுத்துவிட்டுத் தோற்றார். அந்தப் பக்கம் ஜெஸ்ஸி வெட்டர் இரண்டு ஆட்டத்துக்கு மேல் நீளமான நேரம் ஒரு கோலும் விடவில்லை.

1996 இசிஏசி இறுதி அதைவிட நீளம். நியூ ஹாம்ப்ஷயர் 3-2 பிராவிடன்ஸ், ஐந்தாவது ஓவர்டைம், 145:35. தேசியப் போட்டி என்று ஒன்று என்சிஏஏ பெண்களுக்கு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே.

#22 நீலக்கோடு

ஓவர்டைம் என்றாலே நீளம் என்று எல்லாரும் போய்விட்டீர்கள். 2023 டாம்பா தேசிய இறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னசோட்டா 2-0 முன்னிலை. குவினிபியாக் ஒன்றைத் திருப்பி, மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கோலியை வெளியே எடுத்து, பதிலுக்கு ஒரு ஆட்டக்காரனை இறக்கி, காலின் கிராஃப் மூலம் 2-2. ஓவர்டைம் ஆரம்பித்து 10வது விநாடியில் ஜேக்கப் குயிலன். நடுவட்டத்தில் பக்கைப் போட்டு ஆரம்பிக்கும் ஃபேஸ்ஆஃபிலிருந்து முன்கூட்டியே வரைந்து வைத்த ஆட்டம் அது, பின்னால் கொடுத்து, நீளமாக அடித்து, ஓரத்தில் பிடித்து, நடுவில் கொடுத்து, உள்ளே. பீர் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை, சாம்பியன் பட்டம் முடிந்துவிட்டது. 5-க்கு-5இல் கோல் விழாது, கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்கிறார் எண்பித்தன். யார் சாத்தினார்கள்?

#23 எண்பித்தன்

அங்கே டை என்ற முடிவே கிடையாது, ஆகவே சாத்துவதில் லாபம் இல்லை. உங்கள் யோசனையில் 10 நிமிடம் கழித்து டை காத்திருக்கிறது. ஆடுவது ஐந்து பேரா மூன்று பேரா என்பதைவிட, ஓவர்டைமின் கடைசியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் ஆட்டக்காரனின் கால்களை நகர்த்தும்.

#24 சிறுகல்லூரி

நியாயம். அப்படியானால் 4-க்கு-4, 10 நிமிடம். ஐஸும் கொஞ்சம் திறக்கும், எங்கள் பையன்களும் கொஞ்சம் கூடுதலாக இறங்குவார்கள். முடியாவிட்டால் டை, ஷூட்அவுட் வேண்டாம்.

#25 மிச்சிகன்மாமி

இது பரவாயில்லை. ஷூட்அவுட்டை மட்டும் எடுக்காதீர்கள், பையன்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பதே அதற்குத்தான்.

#26 கடைசிவரிசை

இடையில் ஒரு சின்னக் கேள்வி. போன வாரம் பார்த்த ஆட்டத்தில் 60வது நிமிடம் முடியும்போது எங்கள் ஆள் ஒருவன் பெனால்டி பெட்டியில் இருந்தான், இன்னும் ஒரு நிமிடம் பாக்கி. ஓவர்டைம் தொடங்கும்போது எதிரணியில் நான்கு பேர், எங்களில் மூன்று பேர். ஒருவனைக் குறைத்தால் எங்களில் இரண்டு பேர்தானே இருக்க வேண்டும்?

#27 ஸ்கோர்ஷீட்

மூன்றுக்குக் கீழே எந்த அணியும் போகாது தம்பி. அதனால் உங்களில் ஒருவனைக் குறைப்பதற்குப் பதில் எதிரணிக்கு ஒருவனைக் கூட்டுவார்கள், 4-க்கு-3. இன்னொரு பெனால்டியும் சேர்ந்தால் 5-க்கு-3. உங்கள் ஆள் நேரம் முடிந்து வெளியே வந்ததும் 4-க்கு-4 ஆகும், அடுத்த விசில் வரை அப்படியே ஓடும். விசில் அடித்ததும் 3-க்கு-3க்குத் திரும்புவார்கள். விசிலே அடிக்காமல் இரண்டு நிமிடம் 4-க்கு-4 ஓடுவதும் உண்டு. சிறுகல்லூரி கேட்ட ஆட்டம் அப்போது அவருக்குக் கிடைக்கும்.

#28 சிறுகல்லூரி

பெனால்டி வாங்கித்தான் கிடைக்கிறது என்றால் அதற்கும் தயார்.

#29 நீலக்கோடு

சரி, 10 நிமிடம் 4-க்கு-4 என்பதை என் யோசனையாக எடுத்துக்கொள்கிறேன், சிறுகல்லூரிக்குப் பாதிப் புகழ். எண்பித்தன் மொழியில் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு. விதிப் புத்தகத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். அதுவரை இந்த இழையைப் பூட்ட வேண்டாம் என்று நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன்.

#30 ஃபைட்டிங்ஹாக்

தேசியப் போட்டிக்கு என் 3-க்கு-3 யோசனைக்கு யாருமே ஓட்டுப் போடவில்லையா?

#31 டுலூத்காற்று

இல்லை.